பூச்சியம்மாளும் என் வீட்டுக் குளவிக்கூடும்

அந்த அமெரிக்கக்கார அம்மாளிடம் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். பூச்சிக்கு ஊசி குத்தி, சீட்டு எழுதி, பெட்டியில் வரிசையாக அடுக்குகிற வேலை. ஊரெல்லாம் அவரைப் பூச்சியம்மா என்றுதான் சொல்லும். ஒன்பது வருஷத்தில் பாதிக்கு மேல் அவரை நான் நம்பவில்லை. அவரும் என்னை நம்பவில்லை. சாயங்காலம் நான் கிளம்பும்போது பெட்டிகள் மேல் ஒரு பார்வை ஓடும். எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் "போய் வாருங்கள்" என்பார். செத்த குளவியைத் திருடிக்கொண்டு போய் நான் என்ன குழம்பா வைக்கப் போகிறேன்? முதல் வருஷத்திலேயே ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "பழக்கம்" என்றார்.

அந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்பதைப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் சோளக்காட்டுக்கு நடுவே வளர்ந்தவர். அங்கேயும் சோளம்தானா என்று எனக்கு ஆச்சரியம். மற்றப் பெண்கள் கல்யாணத்துக்குத் துணி தைத்த வயதில் இவர் வைக்கோல் கொட்டகையில் குளவிக்கூட்டுக்குக் கீழே உட்கார்ந்து, எத்தனை தடவை மண் கொண்டுவருகிறது, என்ன இரை கொண்டுவருகிறது என்று எழுதியிருக்கிறார். எழுதினதை எல்லாம் அங்கே ஒரு பெரிய படிப்பாளிக்கு அனுப்பியிருக்கிறார். அந்த மனிதர் நன்றாக வாங்கி வைத்துக்கொண்டு, மொத்தத்தையும் தன் பெயரில் அச்சுப் போட்டுவிட்டு, கடைசியில் ‘ஒரு கிராமத்துப் பெண் உதவினாள்’ என்று ஒரு வரி எழுதினாராம். களவாணிப் பயல். அந்த ஒரு வரியை அம்மாள் என்னிடம் மூன்று தரம் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு யாருக்கும் கடிதம் இல்லை. மதுரைக்கு வந்து பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துத் தலை நரைத்தது. வேலை முடிந்ததும் மற்றவர்கள் கப்பல் ஏறினார்கள். இவர் ஏறவில்லை. இங்கத்திய குளவிகளைப் பற்றி ஒருத்தரும் சரியாக எழுதவில்லை, நான் எழுதப் போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆக, அவர் என்னைச் சந்தேகப்பட்டதற்கு அந்தப் படிப்பாளி காரணம். நான் அவரைச் சந்தேகப்பட்டதற்கு என் வீட்டுக் கூடு காரணம். அதைத்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

எழுமலையில் ஒரு சம்சாரி வீட்டில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். உலகச் சண்டை வருவதற்கு நாலைந்து வருஷம் முந்தி. மானாவாரிச் சோளம், பருத்தி, நாலு மாடு, ஓட்டு வீடு. மாமனார் இல்லை. மாமியார், மூத்த மகன் குடும்பம், நாங்கள் இருவர். மூத்தவரின் பெண்சாதிக்கு, அதாவது என் ஓரகத்திக்கு, மூன்று பிள்ளைகள். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். ஒன்றும் இல்லை. ஊர் வாய்க்குள் என் பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் என்ற கொழுப்பு எனக்கு இருந்தது. அதனால் முகத்துக்கு நேரே சொல்லப் பயந்தார்கள், அவ்வளவுதான்.

மாமியார் பயப்படவில்லை. வருஷா வருஷம் ஆடி வந்தால் ஆரம்பித்துவிடுவார்.

"நாலு வருசம் பாத்தாச்சு. இன்னும் எம்புட்டு நாளைக்குப் பாக்குறது? என் தம்பி மக தயாரா இருக்கா. இவளும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும். இவள ஆரு வெரட்டுனா?"

ஓரமாக இருப்பதாம்! உலக்கையா நான், மூலையில் சாத்தி வைக்க? பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். என் வீட்டுக்காரர் மட்டும் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே மாட்டார். முற்றத்தில் தலைகுனிந்து கயிறு திரித்துக்கொண்டிருப்பார். பிறகு உள்ளே வந்து, "அது கெடக்கு. நீ மனசுல வச்சுக்கிறாத" என்பார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாலு வருஷத்தை ஓட்டினேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. நாங்கள் படுக்கும் உள்வீட்டுக் கதவு நிலைக்கு மேலே, சுவரில், ஒரு குளவி வந்து மண் வைத்தது. மெல்லிசான இடுப்பு, மஞ்சள் கால். ஈர மண்ணை உருட்டிக்கொண்டு வந்து ஒட்டுவதும் போவதுமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள், இல்லாவிட்டால் சீக்கிரம் இருக்கப் போகிறாள் என்று அர்த்தம். மண்ணால் கட்டினால் ஆண், அரக்கால் கட்டினால் பெண். கூட்டை யாரும் கலைக்கமாட்டார்கள். அது தானாகத் திறந்து குளவி பறந்து போகிறவரை ஒட்டடைக் கம்புகூட அந்தப் பக்கம் போகாது.

மாமியார் வந்து அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மண்ணுலதான் கட்டியிருக்கு" என்றார். "சரி. கூடு இருக்குற மட்டும் என் தம்பிகிட்ட நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. தை பொறக்கட்டும், பாப்போம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதேன். தை வரைக்கும் எனக்கு அந்த வீட்டில் இடம் இருந்தது. அதைக் கொடுத்தது அந்தக் கைப்பிடி மண்.

ஆனால் சந்தோஷத்தோடு சந்தேகமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. ஓரகத்தி சிரித்துக்கொண்டே, "நான் மூணு பெத்தேன், ஒரு குளவி வந்து எட்டிப் பாக்கல. உனக்கு மட்டும் தாக்கல் சொல்ல ஆளு வருதாக்கும்" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் விளக்குமாற்றோடு உள்வீட்டுப் பக்கம் வந்தால் பின்னாலேயே நிற்பேன். மாமியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றால், கை மேலே போகிறதா என்று பார்ப்பேன். தம்பி மகள் மேல் அவருக்கு இருக்கிற ஆசை எனக்குத் தெரியாதா? காட்டுக்குப் போனால் வேலை ஓடாது. திரும்பி வந்ததும் முதல் பார்வை நிலைக்கு மேலே.

கார்த்திகையில்தான் பூச்சியம்மா வந்தார். ஊருக்கு வெளியே சர்க்கார் ஆட்கள் வந்தால் தங்குகிற பங்களாவில் வந்து இறங்கினார். ஒரு வில்வண்டி, எட்டுப் பத்துப் பெட்டி, ஆம்பளைச் செருப்பு, பனையோலைத் தொப்பி. மறுநாளே தெருத்தெருவாக நடந்து குளவிக்கூடு இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். கொடுத்தவர்களுக்குத் தையல் ஊசி ஒரு பொட்டலம். பிள்ளைகளுக்குக் கண்வலி என்றால் களிம்பு, அதைக் கூடு கொடுக்காதவர்களுக்கும் கொடுத்தார். கிழவன் கிழவி மட்டும் இருக்கும் வீடுகளில் பேர்த்துக் கொடுத்தார்கள். மாட்டுக் கொட்டத்தில் இருந்ததைக் கொடுத்தார்கள். வயசுப் பெண் இருக்கிற வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

கிணற்றடியில் இதே பேச்சு.

"அவளுக்குக் கல்யாணமே ஆகலையாம்டி. புள்ள குட்டி கெடையாதாம். அதான் ஊரு ஊராப் போயி நம்ம வீட்டுப் புள்ளைகளச் சீசாவுல அடைச்சுக் கொண்டு போறா."

"யாத்தே! கொண்டு போயி என்ன பண்ணுவா?"

"அவுக ஊருல வெள்ளக்காரச்சிகளுக்குக் குடுப்பா. இல்லாட்டி அங்க இம்புட்டு சனம் எப்படிப் பெருகுது?"

நான் அஞ்சாம் வகுப்பு. சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. குடத்தைக்கூட நிரப்பாமல் வீட்டுக்கு ஓடினேன்.

மூன்றாம் நாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் தமிழ் அப்படியே புத்தகத்தில் இருந்து இறங்கி வரும்.

"அம்மா, தங்கள் இல்லத்தில் ஒரு கூடு உண்டு என்று கேள்விப்பட்டேன். பார்வையிட அனுமதி தருவீர்களா?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். முற்றத்தில் இருந்த என் வீட்டுக்காரர், "பாக்கட்டுமே, பாத்தா என்ன தேஞ்சா போகும்?" என்றார். சரி என்று விட்டேன். ஆனால் பக்கத்திலேயே நின்றேன்.

"பாக்குறதுன்னா பாத்துக்கங்க. கை பட்டுச்சு, அம்புட்டுத்தான்."

அவர் முக்காலி மேல் ஏறி, பூதக்கண்ணாடியை வைத்து, மூச்சு விடாமல் பார்த்தார். நோட்டில் எழுதினார். "ஆறு அறைகள். நல்ல கட்டுமானம். இன்னும் இருபது நாளில் வெளியே வந்துவிடும்" என்றார். பிறகு இறங்கி, குரலைத் தாழ்த்தி, "இதை எனக்குத் தர இயலுமா?" என்று கேட்டார்.

நான் போட்ட கூச்சலில் மாடு மிரண்டது. என்னென்ன சொன்னேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. பிள்ளை பிடிக்கிறவள் என்று சொன்னேன், அது மட்டும் நினைவிருக்கிறது. அவர் முகம் சிவந்துபோய் வெளியே நடந்தார். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிக் கூட்டைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மரியாதைக்கு அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

அதற்கு அடுத்த வாரம் களையெடுப்பு. நானும் மாமியாரும் விடியக் காட்டுக்குப் போனோம். ஓரகத்தியின் நடுப் பிள்ளைக்குக் கண்வலி, அதனால் அவள் வீட்டிலேயே இருந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொன்னது. மாமியார் முன்னால் நடக்க, நான் எதைச் சொல்லி நிற்பது? மத்தியானம் திரும்பி வந்து நிலைக்கு மேலே பார்த்தேன்.

கூடு இல்லை. சுவரில் காரை தெரிய ஒரு கீறல், அவ்வளவுதான். கீழே தரையை யாரோ துப்புரவாகக் கூட்டியிருந்தார்கள்.

"அக்கா!" என்று நான் கத்தியதில் ஓரகத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளையின் கண்ணைச் சுற்றி மஞ்சளாகக் களிம்பு மினுமினுத்தது.

"மருந்து ஆரு குடுத்தா?"

"பூச்சியம்மா. காலைல தூக்கிட்டுப் போயிக் காட்டிட்டு வந்தேன். ஏன்டி?"

"என் கூட்டக் குடுத்துட்டு மருந்து வாங்குனியா?"

"அடி கிறுக்கி! உன் கூட்ட நான் எதுக்குடி தொடப் போறேன்? புள்ள கண்ணு தெறக்க மாட்டாம அழுகுது, அதப் பாப்பேனா, உன் குளவியப் பாப்பேனா?"

பிள்ளை இடுப்பில் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் அவள் கன்னத்தில் அறைந்தேன். அவள் என்னைத் திருப்பி அடிக்கவில்லை. அழுதுகொண்டே பிள்ளையின் தலையை மூடிக்கொண்டாள். மாமியார் சுவரைப் பார்த்துவிட்டு, "போச்சு. குடுத்து வைக்கல" என்று முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பில் ஒரு நிம்மதி இருந்ததோ என்று அதையும் சந்தேகப்பட்டேன். ஒருவேளை விடிவதற்கு முன்னால் இவரே பேர்த்திருப்பாரோ? அன்றைக்கு எனக்குக் கண்ணில் பட்டவர்கள் எல்லாம் களவாணிகள்தான்.

என் வீட்டுக்காரர் வந்தார். சுவரை ஒரு பார்வை பார்த்தார்.

"அந்த வெள்ளக்காரியாத்தான் இருக்கும். விடு. நாளைக்குக் காலி பண்ணிட்டுப் போறாளாம்" என்றார்.

நாளைக்குப் போகிறாளா? அவிழ்ந்த தலையை அள்ளி முடியக்கூட இல்லை. பங்களாவுக்கு ஓடினேன். பின்னால் அவர் "ஏய், நில்லு, நில்லுடி" என்று கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை.

பூச்சியம்மா மேஜை முன் உட்கார்ந்து ஒரு மண்கூட்டைப் பேனாக்கத்தியால் திறந்துகொண்டிருந்தார். உள்ளே குட்டிக் குட்டியாகச் சிலந்திகள் அடைந்து கிடந்தன. செத்தவை இல்லை. காலை லேசாக அசைத்தன, ஆனால் எழுந்து ஓட முடியவில்லை. நடுவில் வெள்ளையாக ஒரு புழு, ஒரு சிலந்தியின் வயிற்றில் வாய் வைத்துத் தின்றுகொண்டிருந்தது. இதற்கா நான் காவல் இருந்தேன்?

என்னைப் பார்த்ததும் அவர் சட்டென்று பெரிய நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். நான் அதைத் திருட வந்தவள் என்று நினைத்துவிட்டார் போல.

"என் வீட்டுக் கூடு எங்க?"

"நான் திருடவில்லை."

"பொய் சொல்லாதீங்க. அன்னைக்கே உங்க கண்ணு அதுமேலதான் இருந்துச்சு. எங்க, அந்த நோட்டக் காட்டுங்க."

"இதை எவருக்கும் காட்டுவதில்லை."

காட்டுவதில்லையா? சுவரோரம் கண்ணாடி மூடிபோட்ட பெட்டிகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்ததை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினேன். உள்ளே ஊசி குத்திய குளவிகள் கலகலத்தன. அந்த அம்மாள் முகத்தில் ரத்தமே இல்லை. "வேண்டாம், அம்மா. வேண்டாம். அது பதினோரு வருட உழைப்பு" என்றார். பிறகு கையை எடுத்துவிட்டு நோட்டைத் திறந்தார். இங்கிலீஷில் எழுதியிருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்தார்.

"மேற்குத் தெரு. ஓட்டு வீடு. உள்வீட்டுக் கதவு நிலைக்கு மேல். ஆறு அறைகள். அரிவாளால் நெம்பி எடுத்ததால் ஓர் அறை உடைந்துள்ளது. இன்று காலை வீட்டுக்காரர் தாமே கொண்டுவந்து கொடுத்தார். பதிலுக்கு எதுவும் பெற்றுக்கொள்ள மறுத்தார்."

"எந்த வீட்டுக்காரர்? மூத்தவரா?"

"அன்று என்னைத் தெருமுனை வரை வழியனுப்பினாரே, அவர்."

பெட்டி என் கையில் கனத்தது. அவர் மெதுவாக எழுந்து வந்து அதை என்னிடமிருந்து வாங்கி வைத்தார். நான் அப்போதும் விடவில்லை. தெருமுனையில் நீங்கள் என்ன சொல்லி அவரை மயக்கினீர்கள் என்று கேட்டேன். "நான் எதுவும் கேட்கவில்லை. எப்போது புறப்படுகிறேன் என்று நேற்று அவர் ஆள் அனுப்பிக் கேட்டார், நாளை மறுநாள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்" என்றார். அந்தப் பேச்சை நான் நம்பவில்லை. பிற்பாடு பல வருஷம், ஊசி குத்திக்கொண்டே, அந்தத் தெருமுனையில் இவர்தான் கேட்டு வாங்கியிருப்பாரோ என்று யோசித்திருக்கிறேன். கூட்டைத் திருப்பித் தரட்டுமா என்று அவர் கேட்டார். புழுவைப் பார்த்த பிறகு எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. "நாளைக்கு உங்க வண்டியில எனக்கு எடம் இருக்கா? எழுதப் படிக்கத் தெரியும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். யோசித்துத்தான் சரி என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஓரகத்தியின் கன்னம் ஞாபகம் வந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அது என்னை அரிக்கிறது.

என் வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டத்தில் காளைக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் வந்து நின்ற தோரணையிலேயே தெரிந்திருக்கும். நிமிரவில்லை.

"ஏன் மாமா?" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

தட்டையை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"மாமன் வீட்டுல ஆடியிலேயே வாக்குக் குடுத்துட்டேன். தையில அவளக் கட்டிக்கிறேன்னு. அம்மாவுக்கே தெரியாது."

"குடுத்தா குடுத்துட்டுப் போ. கூட்ட எதுக்குப் பேத்த?"

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவரை நீ என்று சொன்னேன். அவர் அதைக் கவனித்த மாதிரியே இல்லை. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். கண்ணில் பயம் இருந்தது.

"நீ உண்டாயிட்டயின்னா அம்மா கட்ட விடாது. அப்புறம் நான் என்ன பண்றது?"

கத்தவேண்டும் என்றுதான் போனேன். அந்த வீட்டில் மாமியார் அந்தக் கூட்டைப் பாதி நம்பினார். ஓரகத்தி நம்பவே இல்லை. நானே ஒரு நாள் நம்பினேன், ஒரு நாள் நம்பவில்லை. எனக்கு ஒரு பிள்ளை பிறக்கும் என்று துளிச் சந்தேகம் இல்லாமல் நம்பியவன் அந்த வீட்டில் அவன் ஒருத்தன்தான். நம்பியதால்தான் அரிவாளை எடுத்திருக்கிறான்.